கோடைக்கால பிரம்மாண்டப் படங்களும் இரண்டாம் பாகங்களும் எதிர்பார்ப்பை எட்டுகின்றனவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே முதல் ஆகஸ்டு வரை ஹாலிவுட் வெளியிடும் பெரிய படங்களைப் பற்றிய கேள்விகளே இங்கு அதிகம். கடைசியில் தமிழ்ப் படங்களுக்கும் இடமுண்டு. வசூல் எண்கள் டாலரில் உள்ளவை. நமக்குப் பழகிய கோடிக் கணக்கில் தந்திருக்கிறோம். ‘உள்நாட்டு வசூல்’ என்று வரும் இடமெல்லாம் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்தது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: இரண்டாம் பாகங்கள் ஏமாற்றுகின்றனவா, இல்லையா?

முதல் மூன்று நாள் வசூலில் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. படமாகப் பார்த்தால் பாதிக்கு மேல் ஏமாற்றுகின்றன என்பதே எங்கள் கணிப்பு. ஆனால் எது ஏமாற்றும் என்பது குருட்டாம்போக்கில் நடப்பதல்ல. வெளியீட்டுத் தேதியை முதலில் குறித்துவிட்டு, கதையை அந்தத் தேதிக்குள் திணிக்கப் பார்த்த படங்களே அதிகம் சறுக்கியிருக்கின்றன. கதை தயாரான பிறகு கிளம்பியவை, அல்லது தேதியைத் தள்ளிவைக்கத் துணிந்தவை, பெரும்பாலும் கரை சேர்ந்திருக்கின்றன. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைத்தான் வெவ்வேறு பக்கத்திலிருந்து பார்க்கின்றன.

கோடைப் படம் என்ற வழக்கம் எப்போது தொடங்கியது?

1975 ஜூன் 20 அன்று ‘ஜாஸ்’ வெளியானதிலிருந்து என்று சொல்வது வழக்கம். அதுவரை பெரிய படங்கள் சில நகரங்களில் மட்டும் தொடங்கி மெல்ல மெல்லப் பரவும். ‘ஜாஸ்’ ஒரே நாளில் 409 அரங்குகளில் வந்தது. அதற்கு முந்தைய நாட்களில் தொலைக்காட்சி விளம்பரத்துக்கு மட்டும் சுமார் 7 லட்சம் டாலர் செலவழித்தார்கள். 1977 மே 25-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வெறும் 32 அரங்குகளில் தொடங்கிக் கோடை முழுக்க ஓடியது. இன்று அமெரிக்கக் கோடைக்காலம் என்பது மே முதல் வெள்ளியில் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தினத்தோடு முடிகிறது.

முதல் வார வசூல் சாதனை என்றால் படம் நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்?

இல்லை. பலரும் இடறும் இடம் இதுதான். முதல் மூன்று நாள் வசூல், முந்தைய பாகத்துக்கும் விளம்பரத்துக்கும் கிடைக்கும் மதிப்பெண். புதிய படத்தை அப்போது யாரும் பார்த்திருக்கவில்லை. புதிய படத்துக்கான மதிப்பெண் இரண்டாம் வாரத்திலிருந்துதான் தெரியும். அதைப் பார்க்க இரண்டு கணக்குகள் போதும்.

ஒன்று, பெருக்குத்தொகை. மொத்த உள்நாட்டு வசூலை முதல் மூன்று நாள் வசூலால் வகுங்கள். 2022 மே மாதம் வந்த ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ இரண்டாம் பாகம் மூன்று நாளில் 18.74 கோடி டாலர் ஈட்டியது, முடிவில் 41.13 கோடி. வகுத்தால் 2.2. அதே மாதக் கடைசியில் வந்த ‘டாப் கன்: மேவரிக்’ மூன்று நாளில் 12.67 கோடி, முடிவில் 71.87 கோடி. வகுத்தால் 5.7. தொடக்கத்தில் ஆறு கோடி பின்தங்கியிருந்த படம், முடிவில் முப்பது கோடி முன்னால் போய்விட்டது. ஒரு கோடைக்கால இரண்டாம் பாகத்துக்கு 2.5 சுமார். 3-ஐத் தாண்டினால் வாய்வழிப் பேச்சு நன்றாக இருந்திருக்கிறது. 4-ஐத் தாண்டுவது அபூர்வம். 2024-இன் ‘இன்சைட் அவுட் 2’ அதைச் செய்தது.

இரண்டு, இரண்டாம் வார இறுதியின் சரிவு. 2003-இல் வந்த ‘ஹல்க்’ முதல் வார இறுதியில் 6.2 கோடி டாலர் ஈட்டி, அடுத்த வார இறுதியில் சுமார் 70 விழுக்காடு சரிந்தது. மேலே சொன்ன ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ 67 விழுக்காடு சரிந்தது; ‘மேவரிக்’ 29 மட்டுமே. 50 முதல் 60 வரை சரிவது இரண்டாம் பாகங்களுக்கு இயல்பு, ஏனென்றால் தீவிர ரசிகர்கள் முதல் மூன்று நாளிலேயே பார்த்துவிடுகிறார்கள். 65-ஐத் தாண்டினால் பார்த்தவர்கள் அடுத்தவரை அனுப்பிவைக்கவில்லை.

இந்தக் கணக்கில் எங்கே பிழை நேரும்?

மூன்று இடங்களில். வியாழன் இரவு முன்காட்சிகளின் வசூலை வெள்ளிக்கிழமைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அதனால் வெள்ளி ஊதித் தெரியும், சனி சரிந்ததுபோல் தோன்றும். அமெரிக்காவின் மே கடைசித் திங்கள் விடுமுறையில் வரும் படங்களுக்குச் சில செய்திகள் நான்கு நாள் வசூலையும் சில மூன்று நாள் வசூலையும் சொல்லும். இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் விடை தவறும். மூன்றாவது, டிக்கெட் விலை. 1993-இன் ‘ஜுராசிக் பார்க்’ வசூலை 2015-இன் ‘ஜுராசிக் வேர்ல்ட்’ வசூலோடு அப்படியே வைத்துப் பார்ப்பது நியாயமில்லை. பெருக்குத்தொகைக்கு இந்த மூன்றாவது கோளாறு கிடையாது. அதனால்தான் அதை முதலில் சொன்னோம்.

விமர்சன இணையதளத்தில் 90 விழுக்காடு, ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. எப்படி?

ராட்டன் டொமேட்டோஸ் காட்டும் விழுக்காடு சராசரி மதிப்பெண் அல்ல. எத்தனை விமர்சகர்கள் ‘பரவாயில்லை’ என்ற கோட்டைத் தாண்டிச் சொன்னார்கள் என்பதே. நூறு பேரும் பத்துக்கு ஆறு கொடுத்தால் அங்கே நூறு விழுக்காடு வந்துவிடும். இரண்டாம் பாகங்களில் இது அடிக்கடி நடக்கிறது: யாருக்கும் வெறுப்பில்லை, யாருக்கும் பரவசமும் இல்லை. விழுக்காட்டுக்குப் பக்கத்தில், அல்லது அதைச் சொடுக்கினால், சராசரி மதிப்பெண் இருக்கும். அதைப் பாருங்கள். அதேபோன்ற இன்னொரு தளமான மெட்டாக்ரிட்டிக் தருவது விமர்சகர்களுக்கு எடைபோட்டு எடுத்த சராசரி. அதனால் அங்கே எண்கள் குறைவாகத்தான் இருக்கும்.

சினிமாஸ்கோர் வேறு. 1979 முதல் அமெரிக்க, கனடிய அரங்குகளில் முதல் நாள் பார்வையாளர்களிடம் அட்டை கொடுத்து வாங்கும் மதிப்பு அது. முதல் நாள் ஓடிவருபவர் ஏற்கெனவே விசுவாசி. அவரே ‘பி’ கொடுத்தால், பொதுப் பார்வையாளர் அதைவிடக் குறைவாகத்தான் கொடுப்பார். பெரிய தொடர்ப் படங்களுக்கு ‘ஏ மைனஸ்’ என்பதே சாதாரண மதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தவறு எங்கே தொடங்குகிறது?

தேதியில். ‘ஏலியன் 3’-இன் முன்னோட்டம் 1991-இலேயே திரைக்கு வந்து, கதை பூமியில் நடக்கும் என்ற எண்ணத்தைக் கொடுத்தது. கதையே அப்போது முடிவாகவில்லை. இயக்குநர் மாறினார், இடம் மாறியது, முழுமையான திரைக்கதை இல்லாமலே படப்பிடிப்பு தொடங்கியது. 1992 மே மாதம் வந்த படம் ஒரு சிறைக்கோளில் நடந்தது. முந்தைய பாகத்தில் நாயகி உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றியவர்கள் தொடக்கத்திலேயே இறந்துகிடந்தார்கள். முதல் இரண்டு படங்களை நேசித்தவர்களுக்கு இது கதைத் திருப்பமாகப் படவில்லை. தங்களிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது. டேவிட் ஃபின்ச்சரின் முதல் படம் இது. அவர் திறமையில் குறையில்லை என்பதைப் பின்வந்த படங்கள் காட்டின.

‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ இரண்டாம் பாகத்துக்கு 2009 ஜூன் என்று தேதி குறித்தாயிற்று. இடையில் 2007 நவம்பர் முதல் 2008 பிப்ரவரி வரை திரைக்கதை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம். தேதி நகரவில்லை, எழுத்து வேலைதான் சுருங்கியது. படம் 83 கோடி டாலர் ஈட்டியது. ஆனால் இரண்டரை மணி நேரத்தில் எந்தப் பொருளை யார் எதற்குத் தேடுகிறார்கள் என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை.

‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் வந்த ‘சோலோ’ இன்னும் தெளிவான பாடம். 2017 ஜூன் மாதம், படப்பிடிப்பு பெரும்பகுதி முடிந்த நிலையில் இயக்குநர்கள் இருவரும் விலக்கப்பட்டு ரான் ஹோவர்டு வந்தார். பெரும்பகுதி மறுபடி எடுக்கப்பட்டது. 2018 மே 25 என்ற தேதி மட்டும் அசையவில்லை. அதற்கு ஐந்து மாதம் முன்புதான் இன்னொரு ‘ஸ்டார் வார்ஸ்’ படம் வந்திருந்தது. பசியெடுக்கும் முன்பே அடுத்த பந்தி. உலக வசூல் 39 கோடி டாலர். செலவைக் கணக்கிட்டால் நட்டம்.

விதிவிலக்கும் உண்டு. ‘மென் இன் பிளாக் 3’ 2010 நவம்பரில் கடைசிப் பகுதி எழுதி முடிக்காமலே தொடங்கியது. ஆனால் படப்பிடிப்பை நடுவில் நிறுத்தி, எழுதிவிட்டு, மறுபடி தொடர்ந்தார்கள். 2012-இல் வந்தபோது அந்தக் கடைசிப் பகுதிதான் மூன்று படங்களிலும் நெஞ்சைத் தொட்ட இடமாக அமைந்தது. நின்று எழுத நேரம் கொடுத்தால் அரைகுறைத் தொடக்கத்தையும் மீட்கலாம்.

‘முதல் படத்தைவிடப் பெரிதாக’ என்ற வாக்குறுதி ஏன் பலிப்பதில்லை?

முதல் படம் எதனால் ஓடியது என்பதைத் தவறாகப் புரிந்துகொள்வதால். ‘ஜாஸ்’ படப்பிடிப்பில் இயந்திரச் சுறா அடிக்கடி பழுதாயிற்று. 55 நாள் திட்டம் 159 நாளானது. வேறு வழியில்லாமல் சுறாவைக் காட்டாமல் காட்சிகளை அமைத்தார்கள். முதல் ஒரு மணி நேரம் அது முழுதாகத் தெரியவே தெரியாது. பயம் அதிலிருந்துதான் வந்தது. பின்வந்த பாகங்கள் சுறாவைத் தாராளமாகக் காட்டின. பயம் போய்விட்டது.

1994-இன் ‘ஸ்பீடு’ படத்தில் பேருந்து மணிக்கு 50 மைலுக்குக் கீழே போனால் குண்டு வெடிக்கும். ஒரே விதி, குழந்தைக்கும் புரியும். சுமார் 3 கோடி டாலரில் எடுத்து 35 கோடி ஈட்டினார்கள். 1997-இல் அதைக் கப்பலுக்கு மாற்றினார்கள். செலவு 10 கோடியைத் தாண்டியது. வசூல் 16 கோடிதான். நடுக்கடலில் போகும் கப்பலின் வேகத்தைக் கண்ணால் உணரவே முடியாது; பக்கத்தில் ஒப்பிட மரமோ காரோ கிடையாது. படத்தின் பெயரே வேகம். போதாக்குறைக்கு நாயகன் கியானு ரீவ்ஸும் இல்லை.

அப்படியானால் முதல் பாகத்தை மிஞ்சியவை என்ன செய்தன?

அதே மனிதர்களிடம் புதிய கேள்வியைக் கேட்டன. 1984-இன் ‘டெர்மினேட்டர்’ 64 லட்சம் டாலரில் எடுத்த துரத்தல் கதை; கொல்ல வரும் இயந்திரத்திடமிருந்து தப்பிக்க வேண்டும், அவ்வளவே. 1991 ஜூலையில் வந்த இரண்டாம் பாகம் அதே உருவத்தைக் காவலனாக்கி, ஓர் இயந்திரத்துக்கு உயிரின் மதிப்பைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டது. துரத்தலும் இருந்தது, புதிய கேள்வியும் இருந்தது. சுமார் 10 கோடி செலவு, 52 கோடி வசூல்.

‘ஏலியன்’ படத்தின் இரண்டாம் பாகமான ‘ஏலியன்ஸ்’ 1986-இல் திகில் படத்தைப் போர்ப்படமாக மாற்றி, தனியாகத் தப்பிய பெண்ணுக்குக் காப்பாற்ற ஒரு குழந்தையைக் கொடுத்தது. 2005-இன் ‘பேட்மேன் பிகின்ஸ்’ 37 கோடி டாலர் ஈட்டியது. அதன் அடுத்த பாகமான 2008-இன் ‘தி டார்க் நைட்’ நூறு கோடியைத் தாண்டியது. முதலாவது பேட்மேன் எப்படி உருவானான் என்று சொன்னது. இரண்டாவது, அவன் உருவானதால் ஊருக்கு என்ன கேடு வந்தது என்று கேட்டது. ‘இன்சைட் அவுட் 2’-இல் சிறுமி ரைலி 13 வயதை எட்டுகிறாள். பதற்றம் என்ற புதிய உணர்வு கட்டுப்பாட்டு மேசையைக் கைப்பற்றுகிறது. வளர்ந்த பிள்ளைக்கு வளர்ந்த சிக்கல். 2015-இல் முதல் பாகம் 85 கோடி, 2024-இல் இது 169 கோடி.

‘மேவரிக்’ இன்னொரு விதத்திலும் முக்கியம். 2020 ஜூனுக்குத் தயாரான படத்தைக் கொரோனா காலத்தில் இணையத்துக்கு விற்காமல், இரண்டு ஆண்டு காத்திருந்து அரங்குக்குக் கொண்டுவந்தார்கள். விமானியறைக்குள் ஆறு கேமராக்களைப் பொருத்தி, நடிகர்களை உண்மையான போர்விமானங்களின் பின்இருக்கையில் ஏற்றி எடுத்த காட்சிகள் அவை. ஈர்ப்புவிசையில் முகம் இழுபடுவது நடிப்பல்ல. பெரிய திரையில் பார்த்தே ஆகவேண்டும் என்று சனங்களை வரவைத்தது அதுதான்.

பல ஆண்டு இடைவெளி நல்லதா, கெட்டதா?

இடைவெளி கதைக்குள் வந்தால் நல்லது. ‘மேவரிக்’ 36 ஆண்டுக்குப் பின் வந்தது. நாயகனின் வயதே அதன் கதை. ‘இன்டிபென்டன்ஸ் டே’ இரண்டாம் பாகம் 20 ஆண்டு கழித்து 2016-இல் வில் ஸ்மித் இல்லாமல் வந்து 38.9 கோடி ஈட்டியது. முதல் படம் 81.7 கோடி. உலக அழிவுக் காட்சிகள் 1996-இல் அதிசயம். 2016-க்குள் ஒவ்வொரு கோடையிலும் இரண்டு படங்களில் வந்துகொண்டிருந்தன.

நல்ல படமாக இருந்தும் தோற்றது உண்டா?

உண்டு, அது எங்களுக்கு வருத்தமும் கூட. 2024 மே மாதம் வந்த ‘ஃபியூரியோசா’ மிகுந்த கவனத்தோடு செதுக்கிய படம், 16.8 கோடி செலவில் 17.4 கோடிதான் ஈட்டியது. நாயகியின் முடிவு 2015-இன் ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு’ படத்திலேயே தெரிந்துவிட்டதும், அந்தப் படத்தின் நாயகர்கள் இருவரும் இல்லாததும் முக்கியக் காரணங்கள். வசூலில் தோற்ற படத்தைத் தோற்ற படம் என்று மட்டும் எண்ணி விட்டுவிடாதீர்கள்.

செலவைவிட அதிகம் ஈட்டியும் நட்டமா?

ஆமாம். டிக்கெட் பணத்தில் ஏறத்தாழ பாதி அரங்குக்காரருக்குப் போகிறது. சீனாவிலிருந்து தயாரிப்பாளருக்கு வருவது நான்கில் ஒரு பங்கே. விளம்பரச் செலவு தயாரிப்புச் செலவில் சேராது. ஆகவே தயாரிப்புச் செலவை 2.5-ஆல் பெருக்குங்கள்: 20 கோடி டாலர் படத்துக்கு 50 கோடி வந்தால்தான் அரங்கு வசூலில் கையைக் கடிக்காது. இது உத்தேசக் கணக்கு.

ஒரே கதையை இரண்டாக வெட்டி வெளியிடுவது சரியா?

முதல் பாதிக்கு அதற்கென்று ஒரு முடிவு இருந்தால் சரி. ‘மேட்ரிக்ஸ்’ இரண்டாம், மூன்றாம் பாகங்களைச் சேர்த்து எடுத்து 2003 மே மாதமும் நவம்பரிலும் வெளியிட்டார்கள். மே படம் 74 கோடி டாலர், நவம்பர் படம் 42.7 கோடி. முதலாவதில் குழம்பியவர் இரண்டாவதற்கு வரவில்லை. குறையைத் திருத்த இடைவெளியும் இல்லை. தமிழில் ‘பொன்னியின் செல்வன்’ 2022 செப்டம்பர் 30-இலும் 2023 ஏப்ரல் 28-இலும் வந்தது. ஐந்து பாக நாவலுக்கு இரண்டு படம் தேவைதான். ஆயினும் இரண்டாவது, முதலாவதைவிடக் குறைவாகவே ஈட்டியது.

முன்னோட்டம் பார்க்கலாமா?

முதலில் வரும் குறு முன்னோட்டம் போதும். இரண்டாவது, மூன்றாவது முன்னோட்டங்கள் தயங்குபவர்களை இழுப்பதற்காகக் கடைசி அரைமணி நேரக் காட்சிகளையும் எடுத்துப் போடுகின்றன. 2015-இன் ‘டெர்மினேட்டர் ஜெனிசிஸ்’ தன் மையத் திருப்பத்தை முன்னோட்டத்திலும் சுவரொட்டியிலும் தானே போட்டுடைத்தது.

தமிழ் டப்பிங்கில் பார்த்தால் இழப்பு உண்டா?

நல்ல டப்பிங் இழப்பல்ல. குடும்பத்தோடு, தாத்தா பாட்டியோடு பார்க்க அதுவே வழி. ஆனால் தொடர்ப் படங்களுக்கு ஒரு தனிச் சிக்கல்: குரல். 2019-இன் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழ்ப் பதிப்பில் அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். பல படங்களாக வேறு குரலில் அந்தப் பாத்திரத்தோடு பழகியவர்கள், விடைகொடுக்கும் படத்தில் அறிமுகமில்லாத குரலைக் கேட்டு வருந்தினார்கள். பெரிய நடிகரின் குரல் விளம்பரத்துக்கு உதவும், தொடர்ச்சிக்கு உதவாது.

முப்பரிமாணமா, சாதாரணத் திரையா?

பெரும்பாலும் சாதாரணம். சாதாரணத் திரைக்கு வெளிச்சத்தின் தர அளவு 14 அடி-லாம்பர்ட். முப்பரிமாணக் கண்ணாடி வழியே கண்ணுக்கு வருவது அதில் மூன்றில் ஒரு பங்குதான். இரவுக் காட்சிகள் நிறைந்த படம் அதில் இருண்டு கிடக்கும். ஐமேக்ஸ் வசதி சென்னையிலும் கோவையிலும் இருக்கிறது; ஐமேக்ஸுக்கென்றே எடுத்த காட்சிகள் உள்ள படத்துக்கு அந்தக் கூடுதல் விலை தகும். அந்தத் திரைகள் அடுத்த பெரிய படம் வந்ததும் கைமாறிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். 2023 ஜூலை 12-இல் வந்த ‘மிஷன் இம்பாசிபிள்’ படம், ஒன்பதே நாளில் ‘ஓப்பன்ஹைமர்’ வந்ததும் ஐமேக்ஸ் திரைகளை இழந்தது.

தமிழ்ப் படங்களின் ‘2’-ஐ எப்படி எடுத்துக்கொள்வது?

நம் ஊரில் ஏப்ரல், மே பள்ளி விடுமுறை. ஆனால் உச்ச நட்சத்திரங்களின் படங்கள் பொங்கலையும் தீபாவளியையும் தேடிப் போகின்றன. கோடையில் ஐபிஎல் வேறு மாலைக் காட்சிகளைத் தின்கிறது. 2024 கோடையில் இருபது ஆண்டுப் பழைய ‘கில்லி’ மறுவெளியீட்டில் அரங்குகளை நிரப்பியது அந்த வெற்றிடத்தால்தான்.

தலைப்பில் ‘2’ இருந்தால் முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். ‘அரண்மனை’ வரிசையைப் போலப் பெயரும் பாணியும் மட்டும் தொடர்பவை உண்டு. அவற்றுக்கு முந்தைய படம் பார்த்திருக்கத் தேவையில்லை, எதிர்பார்ப்பும் எளிது. ‘பாகுபலி’யைப் போல ஒரே கேள்வியை 2015 ஜூலையிலிருந்து 2017 ஏப்ரல் வரை ஊர் வாயில் தொங்கவிட்டவை உண்டு. ‘இந்தியன் 2’ போல 28 ஆண்டு நினைவின் மேல் கட்டியவை மூன்றாம் வகை, இருப்பதிலேயே கடினமானது. 2024 ஜூலையில் மூன்று மணி நேரப் படமாக வந்து, சில நாளில் சுமார் 12 நிமிடம் வெட்டப்பட்டது. வெளியான பிறகு வெட்டுவது, தேதிக்கு முன் செய்திருக்க வேண்டிய எடிட்டிங்கைத் தேதிக்குப் பின் செய்வது. முதல் வாரம் பார்த்தவருக்கு அது பயன்படாது.

முந்தைய பாகங்கள் அத்தனையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டுமா?

நேர் முந்தையது ஒன்று கட்டாயம். அதையும் முதல் நாள் இரவே பார்க்காமல் ஒரு வாரம் முன்பு பாருங்கள். உடனே பார்த்தால் காட்சிக்குக் காட்சி ஒப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள், புதிய படம் மூச்சுவிடாது.

எந்த நாள் டிக்கெட் எடுப்பது நல்லது?

கூட்டத்தோடு விசிலடித்துப் பார்க்கும் ஆசை இருந்தால் வெள்ளிக்கிழமையே போங்கள். அந்த மகிழ்ச்சிக்குப் படத்தின் தரம் பெரிய தடையல்ல. படத்துக்காகப் போகிறீர்கள் என்றால் திங்கள் காலைவரை பொறுங்கள். மூன்று நாள் வசூல் என்ன என்று பார்க்க வேண்டாம். ஞாயிறு வசூல் சனியிலிருந்து எவ்வளவு இறங்கியது என்று மட்டும் பாருங்கள். சிறிதே இறங்கியிருந்தால், செவ்வாய் அல்லது புதன் மாலைக்கு நடுவரிசையில், திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இடம் எடுங்கள். பாதியாகச் சரிந்திருந்தால் இணையத்தில் வரும்வரை காத்திருக்கலாம்.